துணியிலும் காகிதத்திலும் நாரிலும் மாவிலை: வாசல் தோரணம் செய்ய முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கோ வருஷப் பிறப்புக்கோ வாசலில் கட்டும் மாவிலை இரண்டாம் நாளே சுருள ஆரம்பித்துவிடும். ஒரு வாரத்தில் சருகாகிக் காற்றில் சரசரக்கும். வீட்டுப் பக்கத்தில் மாமரம் இருந்தால் வேறு இலை பறித்துக் கட்டிக்கொள்ளலாம். நான் இருப்பது மூன்றாவது மாடி. விசேஷ நாளுக்கு எப்படியாவது மரத்து இலை வாங்கிவிடுவோம். மற்ற நாட்களில் வாசல் நிலை வெறுமையாக இருப்பது மனதுக்கு ஒப்பவில்லை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தோரணம் ஒரு கோடையில் பச்சை போய் நீலமாக வெளுத்தது. அதைக் கழற்றிவிட்டுத்தான் துணியில் மாவிலை தைக்க உட்கார்ந்தேன். அப்புறம் காகிதம், அதற்கப்புறம் வாழைநார் என்று போய், இப்போது வீட்டில் ஒரு பெட்டி நிறைய இலைகள் இருக்கின்றன.

செய்து செய்து எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: ஓர் இலையை இலையாகக் காட்டுவது அதன் நரம்பு. நிறம் கொஞ்சம் பிசகினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். ஓரம் கோணலானாலும் பரவாயில்லை. நரம்பு சரியில்லாவிட்டால் அது பச்சைத் துண்டாகவே நிற்கும். அதனால் துணியோ காகிதமோ நாரோ எதை எடுத்தாலும், இதில் நரம்பை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வியோடுதான் தொடங்குவேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதலில் ஓர் இலையைக் கையில் எடுங்கள்

படத்தைப் பார்த்து வரையாதீர்கள். நிஜ மாவிலை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நீளம் 15 முதல் 25 சென்டிமீட்டர், அகலம் 5 அல்லது 6. காம்பு கிளையைத் தொடும் இடத்தில் சற்றுத் தடித்திருக்கும். நடு நரம்பு பின்பக்கத்தில் நன்றாகப் புடைத்துக்கொண்டு வரும். நுனிக்குப் போகப் போக மெலியும். பக்க நரம்புகள் அதிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஓரத்தை நெருங்கும்போது நுனியைப் பார்த்து வளையும். அவை ஓரத்தைத் தொடாமலே மங்கிவிடும். இந்த வளைவைக் கவனிக்காமல் மீன் முள் மாதிரி நேர்க்கோடுகளாகப் போட்டுவிடுவதுதான் முதல் முறை செய்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. நானும் அப்படித்தான் போட்டேன்.

பின்பக்கம் வெளிர் பச்சை. ஓரம் லேசாக நெளிந்திருக்கும். தளிர் என்றால் நிறமே வேறு: செம்பும் ஊதாவும் கலந்த நிறத்தில், விறைப்பில்லாமல் துவண்டு தொங்கும். பதினோரு இலையில் இரண்டு மூன்றைத் தளிர் நிறத்தில் செய்து பாருங்கள், தோரணம் மொத்தமும் உயிர் பெற்றுவிடும்.

பார்த்தாயிற்றா? இலையை ஒரு பழைய காலண்டர் அட்டை மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். ஓர நெளிவை அட்டையில் வரைய வேண்டாம். அது கடைசியில் கம்பியை வளைக்கும்போது வரும். ஒரே அச்சில் எல்லா இலையையும் வெட்டினால் தொழிற்சாலைப் பொருள் போல் ஆகிவிடும். பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று அட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி இலை

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நேரமும் இதற்குத்தான் அதிகம். கைத்தையலில் ஓர் இலைக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

புதுத் துணி வாங்க வேண்டியதில்லை. தையல் கடையில் ரவிக்கை வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டால் தருவார்கள். பருத்தி தைக்க எளிது. பட்டு வெளிச்சத்தில் இலை மாதிரியே மினுங்கும். பட்டுப் புடவைக் கடைகளில் ‘மாந்துளிர்’ என்றே ஒரு நிறம் சொல்வார்கள். பாவு, அதாவது நீள நூல் ஒரு நிறம், ஊடு, அதாவது குறுக்கு நூல் ஒரு நிறம் என்று நெய்திருப்பதால் அசைக்கும்போது ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் பச்சையும் அடிக்கும். அந்த நிறத்தில் பழைய புடவைத் துண்டு கிடைத்தால் தளிருக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கையில் இருப்பது என்ன துணி என்று தெரியாவிட்டால் இரண்டு நூலை உருவி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கும் நாற்றம் வந்தால் பட்டு. உருகி, ஆறியதும் கடினமான மணியாக நின்றால் பாலியஸ்டர். இதைத் தெரிந்துகொள்வது வீண் வேலை இல்லை. பாலியஸ்டர் ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குப் பக்கத்தில் லேசாகக் காட்டினாலே உருகி அடைபட்டுவிடும், நூல் பிரியாது. பருத்தியிலோ பட்டிலோ அதைச் செய்தால் தீப்பற்றும்.

பருத்தித் துணியை முதலில் அலசிக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பிறகு சுருங்கினால் தைத்த நரம்பெல்லாம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் வெட்டுவது. துணியை நேராக வைத்து வெட்டாமல் கிராஸாக, அதாவது பாவுக்கும் ஊடுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் இலையின் நடுக்கோடு வரும்படி வையுங்கள். கிராஸில் வெட்டிய துணி ஓரத்தில் அவ்வளவாக நூல் பிரியாது. வளைத்தால் மடிப்பு விழாமல் வளைந்து கொடுக்கும். துணி கொஞ்சம் வீணாகும், ஆகட்டும்.

வேலை வரிசை இப்படி:

1. முன்பக்கத்துக்குக் கரும்பச்சையில் ஒன்று, பின்பக்கத்துக்கு வெளிர் பச்சையில் ஒன்று என இரண்டு துண்டுகளை, அட்டையைவிடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள்.

2. சட்டைக் காலருக்குள் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மெல்லியதாக வாங்கி, அட்டை அளவுக்கே வெட்டி, முன்பக்கத் துண்டின் உட்புறத்தில் வையுங்கள். பசைப் பக்கம் துணியைப் பார்த்து இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுங்கள். பத்து விநாடி போதும். தேய்த்தால் கிராஸ் துணி இழுபட்டுக் கோணிவிடும்.

3. 24 கேஜ் கம்பியை (சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்) இலையின் நீளத்தைவிட 8 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். செம்புக் கம்பி நல்லது. இரும்புக் கம்பி மழைக்காலத்தில் துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கோடு போட்டுவிடும். கம்பி மேல் பச்சை நூலை நெருக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். வெறும் கம்பி துணிக்குள் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

4. இரண்டு துண்டுகளின் உட்புறங்களையும் சேர்த்து, நடுவில் கம்பியை வைத்து, அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேரே ஓட்டும் சாதாரணத் தையல்) போடுங்கள். கம்பி ஒரு குழாய்க்குள் உட்கார்ந்தது மாதிரி இருக்கும். நடு நரம்பு புடைப்பாக எழுந்து நிற்பது இங்கேதான். காம்புப் பக்கம் கம்பி வெளியே நீண்டிருக்கட்டும்.

5. இனிப் பக்க நரம்பு. எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டை மட்டும் பிரித்து எடுங்கள். இலையைவிட ஒரு படி வெளிர்ந்த பச்சை அல்லது இளமஞ்சள் எடுப்பாக இருக்கும். சாக்கட்டியால் கோடு வரைந்துகொண்டு, நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கிக் காம்புத் தையல் போடுங்கள். ஒவ்வொரு தையலும் முந்தின தையலின் பாதியில் தொடங்க வேண்டும். அப்போதுதான் முறுக்கிய கயிறு போல் தெரியும். ஓரத்துக்கு அரை சென்டிமீட்டர் இருக்கும்போது நுனியைப் பார்த்து வளைத்து நிறுத்திவிடுங்கள். நிஜ இலையில் இருபது ஜோடிக்குக் குறையாமல் இருக்கும். நமக்கு எட்டோ பத்தோ போதும்.

6. சுற்றோரத்தைக் கடைசியில் அட்டை அளவுக்கு வெட்டி, ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பளித் தையலை (பிளாங்கெட் ஸ்டிச்) நெருக்கமாகப் போட்டு மூடுங்கள். அவசரமாக வேண்டுமென்றால், வெட்டுவதற்கு முன்பே கோட்டின் மேல் பசையைத் தண்ணீரில் கலந்து மெல்லிய தூரிகையால் ஒரு கோடு இழுத்துக் காயவிட்டு வெட்டலாம். நூல் பிரியாது.

தையல் இழுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும், அது குறை என்றுதான் தையல் வகுப்பில் சொல்லித் தருவார்கள். இலையில் அந்தக் குறையே உதவிக்கு வரும். பக்க நரம்பின் கடைசி இரண்டு தையலை மட்டும் ஒரு மயிரிழை இறுக்குங்கள். ஓரம் மெல்ல நெளியும், மாவிலையில் இருக்கும் அதே நெளிவு. எல்லா நரம்பிலும் ஒரே மாதிரி இறுக்காதீர்கள். இங்கொன்று அங்கொன்று போதும். பிறகு இலையைச் சப்பாத்திக் கட்டையின் மேல் குறுக்காக வைத்து உள்ளங்கையால் அழுத்தி வளைத்து, நுனியைச் சற்றுக் கீழே திருப்பிவிடுங்கள்.

தையலே வேண்டாம் என்பவர்களுக்குக் கஞ்சி முறை. இரண்டு மேசைக்கரண்டி ஜவ்வரிசியை அரை லிட்டர் தண்ணீரில் கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி வடிகட்டி, பருத்தித் துணியை அதில் முக்கிப் பிழிந்து, பிளாஸ்டிக் தாள் மேல் சுருக்கமில்லாமல் விரித்துக் காயவிடுங்கள். மொடமொடவென்று காகிதம் போல் ஆகிவிடும். இலை வடிவில் வெட்டி, நடுவே மடித்து நகத்தால் நீவினால் நடு நரம்பு. பக்க நரம்புக்கு எழுதித் தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கீறினால் போதும். குழந்தைகள் செய்ய ஏற்றது. ஈரம் பட்டால் துவண்டுவிடும் என்பதால் வெளி வாசலுக்கு ஆகாது, கொலுவுக்கு நன்றாக இருக்கும்.

காகித இலை

சுருக்கக் காகிதம், கடையில் கிரேப் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் ஏற்கெனவே நெருக்கமான வரிகள் ஓடுகின்றன. அந்த வரிகளையே நரம்பாக மாற்றும் ஒரு வழி இருக்கிறது. முதல் தடவை அது கையில் விரிந்தபோது நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 சென்டிமீட்டர் சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டி, வரிகள் இரண்டிலும் மேலும் கீழுமாக ஓடும்படி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இரண்டையும் சேர்த்து மூலைவிட்டமாக வெட்டுங்கள். இரண்டு ஜோடி முக்கோணங்கள் கிடைக்கும். ஒரு ஜோடியை அடுக்கியபடியே எடுத்து, வெட்டிய நீள ஓரத்தில் மட்டும் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குப் பசை தடவி ஒட்டுங்கள். பசை மெலிதாக இருக்கட்டும், தண்ணீர் அதிகமானால் வரிகள் அழிந்துவிடும். காய்ந்ததும் புத்தகத்தைத் திறப்பது போல் விரியுங்கள். நடுவில் ஒட்டிய மடிப்பு நடு நரம்பு. அதன் இரு பக்கமும் வரிகள் சாய்வாகக் கிளம்பிப் போகும். மூலைவிட்டத்தின் நீளம் சுமார் 21 சென்டிமீட்டர், சரியாக ஒரு மாவிலைக்கு அளவு.

வெட்டுவதற்கு முன் ஒரு நொடி நின்று பாருங்கள். வரிகள் எந்த முனையைப் பார்த்து ஏறுகின்றனவோ அது நுனி. மாற்றி வெட்டினால் நரம்புகள் காம்பைப் பார்த்துத் தொங்கும். ஏன் கண்ணை உறுத்துகிறது என்று புரியாமல் கொஞ்ச நேரம் குழம்புவோம். நுனியைக் குறித்துக்கொண்டு, அட்டையை மடிப்பின்மேல் வைத்து வெட்டுங்கள். பின்பக்கத்தில் மடிப்பு ஓரத்துக்குக் கீழே கம்பியை ஒட்டுங்கள். கம்பிக்கும் அதே காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இங்குமங்கும் மெல்ல இழுத்துவிட்டால் நெளிவு தானே வரும். இந்த இலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

தடித்த காகிதம் பிடிக்கும் என்றால் பருத்திக் கைக்காகிதம் எடுங்கள். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகித ஆலை 1959இல் தொடங்கியது. துணிக் கழிவில் உருவாகும் இந்தக் காகிதம் இழை நீளமானது என்பதால் மடித்தாலும் எளிதில் உடையாது. லேசாக ஈரப்படுத்தி, நான்காய் மடித்த செய்தித்தாள் மேல் வைத்து, பின்பக்கத்திலிருந்து கரண்டிக் காம்பால் நரம்புகளை அழுத்தினால் முன்பக்கத்தில் புடைத்து வரும். செய்தித்தாளையே இலையாக்குபவர்கள் இரண்டு பக்கமும் வண்ணம் பூசிவிடுங்கள். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெயில் பட்டதும் மஞ்சளித்து, காகிதத்தை நொறுங்க வைத்துவிடும்.

நார் இலை

துணியிலும் காகிதத்திலும் நரம்பை நாம் உண்டாக்குகிறோம். நாரில் நரம்பு முன்பே இருக்கிறது.

பன்னாடையை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னை மட்டை மரத்தோடு சேரும் இடத்தில் நெய்த சாக்குத் துணி மாதிரி ஒட்டியிருக்கும் வலை. தென்னை உள்ள வீடுகளில் விழுந்து கிடக்கும், அடுப்பெரிக்கத்தான் போகும். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: தடித்த இழைகள் ஒரு சாய்விலும் அவற்றைக் குறுக்காக வெட்டும் இழைகள் எதிர்ச் சாய்விலுமாக, சதைப்பற்றெல்லாம் போய் நரம்பு மட்டும் மிஞ்சிய இலை போலவே இருக்கும். இரவு முழுதும் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தூசியைத் தேய்த்து எடுத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் செய்தித்தாள் வைத்து இரண்டு நாள் அழுத்துங்கள். பச்சைப் பருத்தித் துணியின் மேல், ஒரு பங்கு பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பூசி இதை ஒட்டுங்கள். காய்ந்ததும் இலை வடிவில் வெட்டி, நடுவில் ஈர்க்குச்சி ஒன்றைத் தைத்துவிட்டால் நடு நரம்பும் காம்பும் ஒன்றாகவே கிடைத்துவிடும்.

கலப்பு நாரில் தாளே செய்வது இன்னொரு வழி. வேலை நசநசவென்று இருக்கும். மொட்டை மாடியிலோ கொல்லையிலோ வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தீர்ந்த நோட்டுத் தாள்களைக் கிழித்து ஒரு நாள் ஊறவைத்து, சமையலுக்குப் பயன்படாத மிக்ஸி ஜாரில் ஒரு கைப்பிடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் வீதம் அரையுங்கள். வாழைநாரை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, அரைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டேன் ஒருமுறை. நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்துவிட்டது. கூடவே தையல் பெட்டியில் சேரும் பச்சை நூல் துணுக்குகள், பிரித்த சணல், வெங்காயச் சருகு எல்லாம் போடலாம்.

எம்பிராய்டரி வளையத்தில் பழைய கொசுவலையை இறுக்கிப் பூட்டுங்கள். கூழ் கலந்த தொட்டிக்குள் அதைச் சாய்வாக இறக்கி, கிடையாகத் தூக்கினால் வலைமேல் மெல்லிய படலம் நிற்கும். நீர் வடிந்ததும் பழைய வேட்டியின் மேல் கவிழ்த்து ஒற்றி எடுங்கள். அந்த ஈரத் தாளின் நடுவே நூல் சுற்றிய கம்பியை வைத்து, பக்கங்களில் ஊறிய வாழைநாரை நரம்பு வளைவில் ஒவ்வொன்றாகப் படுக்க வையுங்கள். அதன்மேல் இன்னொரு படலத்தைக் கவிழ்த்து, துணி போட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டுங்கள். நிழலில் காயட்டும், வெயிலில் வைத்தால் ஓரம் முந்திக் காய்ந்து அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். முக்கால் பதம் காய்ந்ததும் ஈரத் தூரிகையால் இலைக் கோட்டை வரைந்து, கோட்டோரமாகக் கையால் கிழியுங்கள். கத்திரிக்கோல் வேண்டாம். கிழித்த ஓரத்தில் நார் இழைகள் நீட்டிக்கொண்டு நிற்பதுதான் இந்த இலைக்கு அழகு.

நிறம்

வெள்ளைப் பருத்திக்கு வீட்டிலேயே சாயமேற்றலாம். மஞ்சள் உடனே பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் போய்விடும். தோரணத்துக்கு நம்ப வேண்டாம். நான் பயன்படுத்துவது மாதுளைத் தோல். துணியின் எடைக்குச் சம எடை காய்ந்த தோலை முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, படிகார நீரில் ஊறிய துணியை அதில் ஒரு மணி நேரம் வைத்தால் பழுத்த இலை மஞ்சள் வரும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்த நீரில் சில சொட்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, அந்த மஞ்சள் துணியை முக்கினால் கண்முன்னே முற்றிய இலையின் மங்கிய பச்சைக்கு மாறும். ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், விட்டால் கறுத்துவிடும்.

கோர்ப்பதும் பாதுகாப்பதும்

மூன்றடி நிலைக்குப் பதினோரு இலை, இலைக்கு இலை 8 சென்டிமீட்டர். முறுக்கிய சணல் கயிற்றில் இடத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். காம்புக் கம்பியைக் கயிற்றின்மேல் பின்பக்கமாக மடித்து, பூத் தொடுப்பதற்கு நனைப்பது போல் வாழைநாரை நனைத்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிடுங்கள். காயும்போது நார் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெரிய இலை நடுவில் வரட்டும், தளிர் இரண்டு ஓரத்திலும் இருக்கட்டும்.

மாவிலை கைவந்தபின் வெற்றிலைக்குப் போகலாம். அதில் நடு நரம்பு மட்டும் போதாது. காம்படியிலிருந்தே ஐந்து அல்லது ஏழு நரம்புகள் வளைந்து கிளம்பும். அரச இலைக்கு வால் நீளம், கம்பி நுனிவரை போகாவிட்டால் வால் சுருண்டுவிடும்.

ஒரு வருஷம் மைதாப் பசையில் ஒட்டிய இலைகளைக் கொலு முடிந்ததும் பெட்டியில் வைத்து மூடினேன். அடுத்த நவராத்திரிக்குத் திறந்தால் நடு நரம்பை ஒட்டி வரிசையாக ஓட்டைகள். பசை இருந்த இடமாகப் பார்த்து வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது. புத்தகம் கட்டுபவர்கள் மைதாவில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், ஆனால் அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். எடுத்து வைக்கப்போகும் இலைக்கு மரவேலைக்குப் பயன்படும் வெள்ளைப் பசையே போதும். இலைகளைத் தட்டையாக அடுக்காமல், நடுவில் கசக்கிய காகிதம் வைத்து, அட்டைப் பெட்டியில் காய்ந்த வேப்பிலையோடு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். தூசியைத் தட்டாமல் காய்ந்த பெயிண்ட் பிரஷால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் துடையுங்கள். துணி இலை நசுங்கியிருந்தால் ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி வைத்து எடுத்து, சூடு ஆறுவதற்குள் சப்பாத்திக் கட்டையில் மறுபடி வளைத்துவிடுங்கள்.